மறியல் என்றொரு சொல்

1

நமது நாட்டைப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதி முடித்துவிட்டார்கள். நிலம், மக்கள், அரசாங்கம் என்று மூன்று தலைப்புகள். பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கோடு. நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் புவியியலும் குடியியலும் படிப்பித்தவன். இதே மூன்று தலைப்புகளையும் ஒரு வருடத்துக்குள் முடிக்க முடியாமல் மார்கழிச் சோதனை வரைக்கும் மேலதிக வகுப்பு வைத்து இழுபட்டவன். இங்கே லண்டனில் குடிவரவு அலுவலகத்தில் ஏதோ ஒரு புண்ணியவான் பின்னேரத் தேநீருக்கு முன்னம் முடித்திருக்கிறார்.

இந்த ஐப்பசியோடு நான் இங்கே வந்து பத்து வருடமாகிறது. பத்து வருட அனுபவத்தை உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். பனி, ரியூப் ரயில், வெள்ளைக்காரரின் நேரந்தவறாமை என்று எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவேண்டும். என்னிடம் எழுத இருப்பது இந்தப் பன்னிரண்டு பக்கமும் ஒரு தமிழ்ச் சொல்லும்தான்.

இந்தப் பன்னிரண்டு பக்க நாட்டுக் குறிப்பு என் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செவன் கிங்ஸில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்குக் காலை ஷிப்ட். என்னிடமிருந்து கல்லாவைப் பொறுப்பெடுக்கப் பகல் இரண்டு மணிக்கு வருபவன் மரியதாஸ். மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்து மீனவன், முப்பத்துநாலு வயது, வால்தம்ஸ்டோவில் நாலு பேரோடு ஓர் அறையில் சீவியம். அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்து மூன்று வருடம் காத்திருந்தான். பங்குனி மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்யலாம், அதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மறுப்புக்கு ஆதாரமாக இந்த நாட்டுக் குறிப்பையும் கடிதத்தோடு இணைத்திருந்தார்கள்.

"மாஸ்டர், இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. 'ரெஃப்யூஸ்ட்' எண்ட சொல் மட்டும் விளங்குது" என்றான் மரியதாஸ்.

கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, சிகரெட் பெட்டிகள் அடுக்கிய தட்டுக்குக் கீழே நின்று வாசித்தேன். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன்.

2

முதலில் நிலம். இலங்கை பேரிக்காய் வடிவமானது என்று தொடங்குகிறது குறிப்பு. நாங்கள் மாங்காய் என்று படிப்பித்தோம். சரி, அவரவர் நாட்டுப் பழம், அதற்குப் புள்ளி குறைக்கவில்லை. இரண்டு பருவமழை, நடுவே மலை, சுற்றிவரத் தட்டையான கரை எல்லாம் ஒழுங்கு. வடக்கு வரண்ட பிரதேசம் என்பதும் சரி. சுற்றுலாவுக்கு ஏற்ற கடற்கரைகள் பல உண்டு என்ற வரியில் பேனை நின்றது. மரியதாசின் வள்ளம் எரிந்து கிடந்ததும் அப்படியொரு கடற்கரையில்தான். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அந்தப் புண்ணியவானுக்குத் தெரிந்திராது.

அலுவலகத்தார் மரியதாசை நேரில் விசாரித்தபோது, அவன் மன்னாரான்தானா என்று பார்க்க இந்தக் குறிப்பிலிருந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். உன் மாவட்டத்தில் கடலில் விழுகிற பெரிய ஆறு எது? அவன் "அருவியாறு" என்றான். குறிப்பில் இருப்பது மல்வத்து ஓயா. பிழை போட்டார்கள். தன் சொந்த மாவட்டத்து ஆற்றின் பெயர் தெரியாதவர், ஆகவே அந்த மாவட்டத்தவர் என்பது ஐயத்துக்குரியது. இது மறுப்புக் கடிதத்தின் முதலாவது காரணம்.

அட கடவுளே! அது ஒரே ஆறு. மேலே சிங்களக் கிராமங்களுக்குள்ளால் வரும்போது ஒரு பெயர், கீழே தமிழரிடம் வந்ததும் வேறு பெயர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விசயம். தண்ணீர் பெயர் மாற்றிக்கொண்டு ஓடுகிற ஒரு நாட்டைப் பற்றி இவர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது? ஆனாலும் இந்தக் காரணம் எனக்குப் பெரிய பயத்தைத் தரவில்லை. இரண்டு பெயரையும் போட்ட பழைய தேசப்படம் ஒன்று நூலகத்தில் கிடைத்தது. பிரதி எடுத்து, மரியதாசின் வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றரிடம் கொடுத்தேன்.

பயம் இரண்டாவது காரணத்தில் இருந்தது.

3

இரண்டாவது காரணத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். சாராம்சம் இதுதான்: விண்ணப்பதாரர் தென்பகுதியில் இரண்டு வருடம் தொடர்ந்து வீதி மறிப்புப் போராட்டம் ஒன்றில் பங்குபற்றியதாகச் சொல்கிறார். அந்தக் காலம் முழுவதும் பொலிஸார் அவருக்கு மூன்று வேளையும் உணவு கொடுத்ததாகவும் சொல்கிறார். தனக்கு எதிராக இரண்டு வருடம் போராட ஒருவரை அனுமதித்து, அவருக்கு உணவும் கொடுத்த அரசாங்கம் அவரைத் துன்புறுத்தும் என்று நம்புவதற்கில்லை.

வாசித்ததும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு மரியதாசைக் கூப்பிட்டேன்.

"மரியதாஸ், சொலிசிற்றரிட்டை ஸ்டேற்மென்ற் குடுக்கேக்க நீ என்ன சொன்னனீ? சொன்னதை அப்பிடியே சொல்லு."

"ரெண்டு வருசம் மறியல்ல இருந்தனான் எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது மாஸ்டர்?"

"எழுதினதை உனக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டினவையோ?"

"ஓம், வாசிச்சவ. 'ரெண்டு வருசம் மறியலில் இருந்தேன்' எண்டு பிள்ளை தமிழில வடிவா வாசிச்சுக் காட்டினவ. ஓமெண்டு சைன் வைச்சனான்."

ஊரில் இருக்கிற உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நமக்கு மறியல் என்றால் சிறை. மறியற்சாலை, விளக்கமறியல் என்று நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் சொல்வது அதைத்தான். ஆனால் கடல் தாண்டித் தமிழ்நாட்டில் மறியல் என்றால் றோட்டில் குந்தியிருந்து பஸ்ஸை மறிப்பது. மொழிபெயர்த்தவர் அந்த மறியலை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். திருப்பி வாசித்தபோது அந்த ஆங்கிலச் சொல் மறுபடியும் மறியல் என்றே தமிழுக்கு வந்திருக்கிறது. சொன்னவன் சிறையை நினைத்துத் தலையாட்டினான். வாசித்தவர் வீதியை நினைத்துக்கொண்டு வாசித்தார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒத்துக்கொண்டு, கையெழுத்தும் வைத்தாயிற்று.

மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர் இல்லை. அவன் "பிள்ளை" என்று சொன்னது என் மகள் சுகந்தியை.

4

குறிப்பின் இரண்டாம் தலைப்பு மக்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர். பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம். மக்கள் விருந்தோம்பும் இயல்பினர், எழுத்தறிவில் முன்னேறியவர்கள். எழுத்தறிவு என்ற இடத்தில் என் பேனை சரி போட்டது. அதற்கு நானும் கொஞ்சம் பாடுபட்டிருக்கிறேன்.

குறிப்பில் இல்லாத மக்கள் ஒரு வகை உண்டு. அவர்கள் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டைப்போல அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நாங்கள் வந்து இறங்கிய அன்றே நான் ஒரு சட்டம் போட்டேன்: வாசற்கதவு பூட்டினால் உள்ளே தமிழ் மட்டும். என் மனைவி யோகம் "பிள்ளை களைச்சுப்போய் வருது, விடுங்கோவன்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். நான் விடவில்லை. சனிக்கிழமைகளில் இல்ஃபோர்ட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே புத்தகமெல்லாம் சென்னையில் அச்சிட்டவை, ஊரிலிருந்து எதுவும் வராத காலம். அகராதியும் சென்னையில் அச்சானதுதான். நானே தேடி வாங்கிக் கொடுத்தேன். சுகந்தி எட்டு வயதில் வந்தவள், பதினெட்டு வயதில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று கூட்டங்களில் என் பக்கத்தில் அவளை நிறுத்தி வைத்துப் பெருமையடித்திருக்கிறேன். சட்டம் படிக்கத் தொடங்கியதும் சொலிசிற்றரிடம் சனிக்கிழமை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். விண்ணப்பம் போட்டுவிட்டு இழுபட்டுக்கொண்டிருந்த மரியதாசை, போன மார்கழியில் வாக்குமூலம் கொடுக்க அதே அலுவலகத்துக்கு அனுப்பியதும் நானே. "உன்ர சொந்தத் தங்கச்சி மாதிரிப் பாத்துச் செய்வள்" என்று வேறு சொன்னேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"அப்பா, ஐ செக்ட் இட். எனக்கு டவுட் இருந்தது. டிக்‌ஷனரில பாத்தனான், இஞ்ச பாருங்கோ" என்று அகராதியை விரித்துக் காட்டினாள். அவள் சொன்னது உண்மை. ஒரே ஒரு பொருள்தான் போட்டிருந்தது.

"அவன் பொலிஸ் அடிச்சதெண்டு சொன்னவனெல்லோ?"

"போராட்டத்தில பொலிஸ் அடிக்கிறதுதானே? ரி.வில காட்டுறாங்கள். இஞ்சயும் அடிக்கிறாங்கள்."

"சோறு குடுத்ததெண்டும் சொன்னவன். மறிக்கிறவனுக்கு ஆரும் சோறு குடுப்பாங்களோ?"

"ஐ தோட் இட் வாஸ் வியர்ட். ஆனா அந்த அண்ணா அப்பிடித்தான் சொன்னவர். நான் திருப்பி வாசிச்சனான். ஓம் எண்டவர்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மறியல் எண்டால் ஜெயில் எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே அப்பா. அம்மாவும் சொல்லேல்லை. இந்த வீட்டில நான் கேட்டதே இல்லை."

குசினிக்குள் யோகம் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நான் "சரி, போய்ப் படி" என்று சொல்லிவிட்டேன். 

அந்தச் சொல் எங்கள் வீட்டில் இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

5

அரசாங்கம். குறிப்பின் கடைசி நாலு பக்கம். ஜனாதிபதி, பாராளுமன்றம், நீதித்துறை. எவரையும் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று அரசியலமைப்பு உத்தரவாதம் அளிக்கிறதாம். ஓம், அளிக்கிறது. பத்தாம் வகுப்புக் குடியியல் புத்தகத்தில் அதே வசனம் இருக்கிறது. நான் அதைக் கரும்பலகையில் எழுதி முடிக்கவில்லை, இராணுவ ஜீப் வந்து நின்றது. கதை சோடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அன்று இரண்டாம் பாடவேளை எனக்கு அந்த அத்தியாயம்தான்.

என் பழைய மாணவன் ஒருவனைத் தேடி வந்தவர்கள், அவன் அகப்படாததால் அவனுடைய மாஸ்டரைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம். தெற்கே ஒரு மறியற்சாலை. பத்துப் பேர் படுக்கக்கூடிய அறையில் முப்பது பேர்; எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிந்து படுக்கவேண்டும், திரும்புவதென்றால் எல்லோரும் சேர்ந்து திரும்பவேண்டும். பினைல் மணம். காலையில் சிங்களத்தில் எண்ணுவார்கள். முதல் கிழமையிலேயே என் இடது காது போய்விட்டது, ஒரே அடிதான். வழக்கு இல்லை, நீதிபதி இல்லை. ஒருநாள் கதவைத் திறந்து போகச் சொன்னார்கள். ஒரு துண்டுக் கடதாசிகூடத் தரவில்லை.

அப்போது சுகந்திக்கு ஆறு வயது. அப்பா கொழும்பில் ட்ரெயினிங் போயிருக்கிறார் என்று யோகம் சொல்லி வைத்திருந்தாள். நல்ல யோசனைதான். மறியல்காரன்ர பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள், பிள்ளை பயந்துபோகும். நான் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தோம். வந்த பிறகு, கொஞ்சம் வளரட்டும் என்றோம். பிறகு லண்டன் விசாவுக்குப் பத்திரம் நிரப்பினோம். எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீரா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினேன். பத்திரத்தில் இல்லை என்று எழுதியதை வீட்டில் ஓம் என்று சொல்ல முடியுமா? சிறு பிள்ளை, வெளியில் போய்ச் சொல்லிவிடும் என்று பயம். அப்படியே பத்து வருடம். காதைப் பற்றிக் கேட்டால் சின்ன வயதில் கேணியில் குதித்தபோது போனது என்பேன்.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். வெட்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால், கையில் சோக்கட்டியோடு, சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதனை என் மகளுக்கு அறிமுகப்படுத்த எனக்கு மனமில்லை.

போன வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுகந்திதான் மேடையில் என்னை அறிமுகப்படுத்தினாள். சுத்தமான தமிழில், தாளைப் பார்க்காமல், "என் தந்தையார் கொழும்பில் ஏறக்குறைய ஒரு வருடம் விசேட ஆசிரியர் பயிற்சி பெற்றவர்" என்றாள். சபை கைதட்டியது. யோகம் குனிந்து செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பிப் போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். இப்போது எழுதும்போதுகூட முகம் எரிகிறது.

6

சொலிசிற்றரம்மா கெட்டிக்காரி, ஆனால் மேசையில் குவிந்து கிடந்த கோப்புகளுக்குப் பின்னால் அவவின் தலை மட்டும்தான் தெரியும். பிழை தங்கள் பக்கம் என்று ஒத்துக்கொண்டா. அகராதியைக் காட்டினால் மறுபக்கத்தார் இன்னொரு அகராதியைக் காட்டுவார்கள், இலங்கையில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று நேரில் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றா. படிப்பித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், நீங்களே வாருங்களேன்? சரி என்றேன். சொல்லின் பொருளை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

மேன்முறையீட்டு விசாரணை நடந்தது நகரத்து நடுவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நடுவர் வயதான, மரியாதையான மனிதர். குடிவரவு அலுவலகத்தின் சார்பில் ஓர் இளம்பெண். மரியதாஸ் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் நெளிந்துகொண்டிருந்தான். சுகந்தி பின்வரிசை வாங்கில் இருந்தாள்; வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, தன் பிழையைத் தான் பார்க்கவேணும் என்று வந்தவள்.

ஆற்றின் விசயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நடுவர் தேசப்படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே ஆறுதான் என்று ஏற்றுக்கொண்டார். மரியதாசின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு நடுவர், நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளரிடம் மறியல் என்றால் என்ன என்று கேட்டார். அவர் தமிழ்நாட்டுக்காரர், நேர்மையானவர். தனது தமிழில் அது வீதி மறிப்புப் போராட்டம் என்று சொன்னார். இடைவேளையில் என்னிடம் வந்து, "மன்னிச்சுக்குங்க சார், எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் அதுதான். வேற மாதிரி எப்படிச் சொல்றது?" என்றார். அவரில் ஒரு குற்றமும் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் இது சிறை என்று சொன்னேன். மறியற்சாலை, விளக்கமறியல் என்று வகுப்பு எடுப்பதுபோல எடுத்தேன். அந்த இளம்பெண் எழும்பினாள்.

இது சட்டச் சொல்லாக இருக்கலாம், ஆனால் ஒரு மீனவர் தன் சிறைவாசத்தைப் பற்றிப் பேச இந்தச் சொல்லைத்தான் பாவிப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நானும் மரியதாசும் நண்பர்கள்தானே என்றும் கேட்டாள். அவனைத் தவிர வேறு யாராவது தான் சிறையில் இருந்ததை இந்தச் சொல்லால் சொல்லி நான் கேட்டிருக்கிறேனா?

முப்பது பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கே வைத்துக் கேட்டேன் என்று அடுத்த கேள்வி வரும்.  பின்வரிசையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். சுகந்தி பேனையும் தாளுமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"நானே இருந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "பதினொரு மாதம். அங்கே எல்லோரும் மறியல் என்றுதான் சொல்வோம்."

பேனை நின்றது. அதற்குமேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கேள்விகள் தொடர்ந்தன. இருந்ததற்கு ஏதாவது பத்திரம் உண்டா? இல்லை. மொழிபெயர்த்தவர் உங்கள் மகளா? ஓம். அவர் தமிழை எங்கே கற்றார்? வீட்டில், என்னிடம். வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்? இந்த இடத்தில் எனக்குள் இருந்த மாஸ்டர் தலையைத் தூக்கினான். வந்து இறங்கிய நாள் தொட்டுத் தமிழ் மட்டும்தான், வேறு மொழிக்கு அனுமதி இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பெண் நன்றி சொல்லி இருந்துவிட்டாள். நான் நன்றாகச் சாட்சி சொன்னதாக நினைத்துக்கொண்டேன். மடையன்!

7

திரும்பும்போது ரியூபில் எதிரெதிரே இருந்தோம். மரியதாஸ் வேலைக்குப் போய்விட்டான். பிளேஸ்டோவுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது சுகந்தி வாய் திறந்தாள்.

"வாஸ் தாட் த ட்ரெயினிங்?"

"ஓம்."

"காது?"

"ஓம்."

"ஐ டோல்ட் எவ்ரிவன், அப்பா. மேடையில ஏறிச் சொன்னனான். நீங்கள் கை தட்டினீங்கள்."

கை தட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி என்ன பயன்? வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனதும் அவள் தாயிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் கலக்காமல் ஆங்கிலத்தில் பேசினாள். பத்து வருடத்தில் முதல் தடவை. நான் திருத்தவில்லை.

8

தீர்ப்பு ஆறு கிழமை கழித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு மரியதாஸ் கடித உறையைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தான். யோகம் ரீ போட்டாள். நான் கையை நீட்டினேன். சுகந்தி அதற்கு முன் வாங்கிவிட்டாள்.

"நான் வாசிக்கிறன்" என்றாள். "இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில சொல்லுறன். விளங்காட்டி நிப்பாட்டிக் கேளுங்கோ அண்ணா. 'ஓம்' எண்டு மட்டும் சொல்லாதைங்கோ."

முதலில் ஆங்கிலத்தில் தனக்குள் வாசித்தாள். முகம் மாறியது. பிறகு ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"ஆறு சரி, நீங்கள் மன்னார்தான் எண்டு நம்புறாராம். மறியல் எண்ட சொல்லுக்கு இலங்கையில ஜெயில் எண்ட கருத்தும் இருக்கலாம் எண்டு ஏற்றுக்கொள்ளுறாராம். ஆனால்..." அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "ஆனால், சாட்சி சொன்னவர் பதினொரு மாதம் தான் மறியலில இருந்ததெண்டு சொல்லுறார். வீட்டில தமிழ் மட்டும்தான் பேசுறதெண்டும், மகளுக்குத் தமிழ் படிப்பிச்சதும் தான்தான் எண்டும் சொல்லுறார். தகப்பன்ர வாழ்க்கையில இவ்வளவு பெரிய விசயமாயிருந்த ஒரு சொல், அதே வீட்டில வளர்ந்த மகளுக்குத் தெரியாமல் இருந்தது எண்டதை நம்ப ஏலாது. ஆகவே மகள் முதல் எழுதினதுதான் நீங்கள் சொன்னது. தகப்பன் பிறகு வந்து சொன்னது மகளின்ர வேலையையும் சிநேகிதனையும் காப்பாத்தச் சோடிச்ச கதை." கடைசித் தாளைத் திருப்பினாள். "அப்பீல் டிஸ்மிஸ்ட். தள்ளுபடி. அவ்வளவுதான் அண்ணா."

 அந்த நடுவரைத் திட்ட எனக்கு ஒரு வசனம் வேண்டியிருந்தது, தேடினேன், கிடைக்கவில்லை. மனிதர் பிழையான முடிவுக்கு வந்திருக்கிறார், ஆனால் அவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி.

மரியதாஸ் ரீயைக் குடிக்கவில்லை. சுகந்தியைப் பார்த்தான், யோகத்தைப் பார்த்தான், கடைசியாக என் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல மெல்லக் கேட்டான்:

"ஏன் மாஸ்டர், பிள்ளைக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"